மூன்றரை மணி நேரம், மூன்று மாநிலங்கள்

1925 மார்ச் 18, புதன்கிழமை. மதியம் ஒரு மணி தாண்டிய கையோடு, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் எலிங்டன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு டொர்னாடோ, அதாவது இடிமேகத்திலிருந்து தரை வரை இறங்கிச் சுழலும் கடுங்காற்று, தரையைத் தொட்டது. மாலை நாலரை மணி வரை அது ஓயவில்லை. மிசௌரியின் மலைக்காட்டைத் தாண்டி, மிசிசிப்பி ஆற்றைக் கடந்து, இல்லினாய் மாநிலத்தின் தென்பகுதியைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போய், வாபாஷ் ஆற்றையும் தாண்டி இண்டியானாவுக்குள் நுழைந்து, பிரின்ஸ்டன் என்ற ஊரில் பாதியை அழித்துவிட்டு, அதற்கும் பத்து மைல் வடகிழக்கே போய்த்தான் அடங்கியது. மொத்தம் 219 மைல், அதாவது 352 கிலோமீட்டர். இறந்தவர்கள் 695 பேர். காயம்பட்டவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். ஒரே டொர்னாடோ இத்தனை பேரைக் கொன்றது அமெரிக்க வரலாற்றில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. மூன்று மாநிலங்களில் ஓடியதால் டிரை-ஸ்டேட் டொர்னாடோ என்று பெயர்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் வேகத்தையும் அகலத்தையும்தான் பேசுவார்கள். அதெல்லாம் பேச வேண்டியதுதான். ஆனால் இதன் பாதையை வரைபடத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் என் கண் போய் நிற்பது ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் குறித்திருக்கும் நேரத்தில்தான். அனாபொலிஸ், 1:15. மர்பிஸ்பரோ, 2:34. வெஸ்ட் ஃபிராங்க்ஃபோர்ட், மூன்று மணி வாக்கில். கிரிஃபின், நான்கு மணி வாக்கில். பிரின்ஸ்டன், 4:18. முதல் ஊர் தரைமட்டமாகி மூன்று மணி நேரம் கழித்துத்தான் கடைசி ஊருக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் காலத்திலேயே தந்தி இருந்தது, தொலைபேசி இருந்தது, ஊருக்கு ஊர் ரயில் நிலையம் இருந்தது. அப்படியிருந்தும் பிரின்ஸ்டன் மக்கள் வழக்கமான ஒரு புதன்கிழமையின் சாயங்கால வேலைகளில்தான் இருந்தார்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான்.

சரி, முதலில் பாதை.

எலிங்டன் பக்கத்தில் ஒரு விவசாயி இறந்தார், அவர்தான் முதல் பலி. அங்கிருந்து கிளம்பி கால் மணி நேரத்துக்குள் அனாபொலிஸ் என்ற ஊரையும், பக்கத்திலிருந்த லீடானா என்ற ஈயச் சுரங்கக் குடியிருப்பையும் அழித்தது. அனாபொலிஸில் நின்ற கட்டடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதன் பிறகு மலையும் காடும் பண்ணைகளுமாக ஆள் குறைந்த பகுதி. மிசௌரியில் மொத்த சாவு 11-தான் என்பதற்குக் காரணம் புயல் அங்கே மென்மையாக இருந்தது என்பதல்ல, வழியில் ஆட்கள் குறைவு, அவ்வளவுதான். பொலிஞ்சர் கவுன்ட்டியில், கவுன்ட்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி, இரண்டு பள்ளிக்கூடங்கள் அடிபட்டு 32 பிள்ளைகள் காயமடைந்தார்கள்.

இரண்டரை மணிக்குச் சற்று முன் மிசிசிப்பியைத் தாண்டியது. ஆற்றின் கிழக்குக் கரையில் இறங்கியதும் முதல் ஊர் கோரம். அந்த ஊர் அப்படியே போயிற்று. ஊராரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். அங்கிருந்து மர்பிஸ்பரோவுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தரையில் அது முன்னேறிய சராசரி வேகமே மணிக்கு 62 மைல், இந்தத் துண்டில் 73 மைலைத் தொட்டிருக்கிறது. கிலோமீட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட 117. இது சுழலும் காற்றின் வேகமல்ல, டொர்னாடோ இடம் பெயர்ந்த வேகம். அன்றைய மோட்டார் காரை எவ்வளவு மிதித்தாலும் இதற்கு முன்னால் ஓடித் தப்பியிருக்க முடியாது.

மர்பிஸ்பரோ ரயில்வே பட்டறைகள் இருந்த ஊர், அந்த வட்டாரத்தில் பெரிய ஊர். அங்கே மட்டும் 234 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் ஒரே ஊரில் ஒரு டொர்னாடோ கொன்ற எண்ணிக்கையில் இன்று வரை இதுதான் அதிகம். புயல் போன பிறகு தீப்பிடித்தது. அடுப்பெரிந்துகொண்டிருந்த வீடுகள் நொறுங்கி மரக்குவியலாகக் கிடக்கின்றன, நகரத்தின் தண்ணீர் ஏற்பாடும் முடங்கிவிட்டது, தீயணைக்கிறவர்கள் கையில் குழாய் இருக்கிறது ஆனால் அதில் தண்ணீர் இல்லை. இடிபாட்டுக்குள் உயிரோடு சிக்கியிருந்தவர்களை நெருப்பு நெருங்குவதைக் கேட்டுக்கொண்டே வெளியில் நின்றவர்களின் நிலையை நினைத்தால் எனக்கு மேலே எழுத ஓடவில்லை. லாங்ஃபெல்லோ பள்ளிக்கூடத்தின் இடிந்த படம் ஒன்று அரசு ஆவணத் தொகுப்பில் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று நம்பிக் கட்டிய செங்கல் கட்டடம். அங்கே 17 குழந்தைகள் இறந்தார்கள். அன்றைக்கு நேரம் வேறாக இருந்திருக்கலாமே என்று எத்தனை தாய்மார் நினைத்திருப்பார்கள். இரண்டரை மணி என்றால் பள்ளிக்கூடம் விட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

அடுத்த ஊர் டி சோட்டோ. சின்ன ஊர். 69 பேர் இறந்தார்கள், அதில் 33 பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஒரே பள்ளியில் டொர்னாடோ இத்தனை பேரைக் கொன்றது அமெரிக்காவில் வேறெங்கும் நடக்கவில்லை.

அப்புறம் நிலக்கரிச் சுரங்கப் பகுதி. வெஸ்ட் ஃபிராங்க்ஃபோர்ட்டில் நடந்ததுதான் இந்த முழுக்கதையிலும் என்னால் மறக்க முடியாத பகுதி. பூமிக்கு அடியில் சுமார் ஐந்நூறு அடி ஆழத்தில் நூற்றுக்கணக்கான ஆண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். திடீரென்று மின்சாரம் போயிற்று. மேலே என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆட்களை மேலே ஏற்றும் மின்தூக்கி இயங்கவில்லை, அதனால் அவசர வழியாக ஏறி மேலே வந்தார்கள். ஐந்நூறு அடி ஏற எவ்வளவு நேரம் ஆகும், ஏறும்போது என்ன பேசிக்கொண்டிருப்பார்கள், சுரங்கத்தில் ஏதோ கோளாறு என்றுதானே நினைத்திருப்பார்கள். சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் பயம் எப்போதும் கீழே போன ஆளைப் பற்றித்தான் இருக்கும், அன்றைக்கு அது தலைகீழாக நடந்துவிட்டது. வெளியே வந்த ஆண்களுக்குச் சுரங்கத்தை ஒட்டியிருந்த வீடுகள் இல்லை. அந்த ஊரில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

அதற்கடுத்த பாரிஷ் என்ற சிற்றூர் கிட்டத்தட்ட முழுவதும் அழிந்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. கோரத்திலிருந்து பாரிஷ் வரை நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் 541 பேர் இறந்தார்கள். இந்த ஒரு வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், நிமிடத்துக்கு 13 பேருக்கும் மேல்.

பாரிஷுக்குக் கிழக்கே ஹாமில்டன், வைட் கவுன்ட்டிகளின் பண்ணை நிலம். ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லாத அந்தப் பகுதியிலேயே அறுபத்துச் சொச்சம் பேர் இறந்திருக்கிறார்கள். பண்ணை வீடு ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து தள்ளித் தள்ளி இருக்கும். ஊரில் இடிந்த வீட்டுக்கு அக்கம்பக்கம் ஓடி வரும், இங்கே யார் வருவார்கள்?

இல்லினாயில் மட்டும் 613 பேர். அதன் பிறகு இண்டியானா. கிரிஃபின் ஊரில் நிற்கும் வீடு என்று ஒன்றும் இல்லாமல் போயிற்று. அதுவரை கிட்டத்தட்ட ரூலர் வைத்து இழுத்த கோடாக வந்த பாதை, கிரிஃபினுக்குப் பிறகு கொஞ்சம் இடப்புறம் திரும்பியது. ஓவன்ஸ்வில்லைச் சுற்றியும் பிரின்ஸ்டன் வரையிலும் எண்பதுக்கும் மேற்பட்ட பண்ணைகள் நாசமாயின. 4:18-க்கு பிரின்ஸ்டன், அங்கே 45 பேர் இறந்தார்கள். இண்டியானாவில் மொத்தம் 71. நாலரைக்கு முடிந்தது. மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 15,000 வீடுகள் அழிந்தன.

டொர்னாடோ என்றால் நம் மனதில் வருவது வானத்திலிருந்து தொங்கும் ஒரு தும்பிக்கை. தூரத்தில் தெரியும், பார்த்துவிட்டு நிலவறைக்குள் ஓடிவிடலாம். அன்று பலருக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. தரையோடு புரண்டு வரும் கறுப்பு மூட்டம், கொதிக்கும் மேகம், புகை என்றுதான் பிழைத்தவர்கள் சொன்னார்கள். மேகத்தின் அடி மிகத் தாழ்வாக இருந்தது, டொர்னாடோவின் அகலம் சராசரியாக முக்கால் மைல், சில இடங்களில் ஒரு மைல், அதோடு வாரிச் சுருட்டிய மண்ணும் சிதிலமும். இவ்வளவு அகலமான ஒன்று நேராக உங்களை நோக்கி வரும்போது அதற்கு உருவம் என்று ஒன்று இருக்காது, மேற்கு வானம் இருண்டு கிடக்கும், அவ்வளவுதான். அந்த விவசாயிகள் வானத்தைப் பார்த்தே வாழ்ந்தவர்கள். அவர்களே மழை வருகிறது என்று நினைத்து நின்றிருக்கிறார்கள் என்றால், அறியாமை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

இது ஏன் இவ்வளவு தூரம் ஓடியது என்ற கேள்விக்கு வருவோம். பெரும்பாலான டொர்னாடோக்கள் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. சூப்பர்செல் எனப்படும் சுழலும் இடிமேகத்தின் அடியில்தான் பெரிய டொர்னாடோக்கள் பிறக்கின்றன. ஈரமும் வெப்பமும் நிறைந்த காற்று கீழிருந்து உள்ளே இழுக்கப்பட்டு மேலேறுகிறது, உயரம் போகப் போகக் காற்றின் திசையும் வேகமும் மாறுவதால் அந்த ஏற்றமே சுழலத் தொடங்குகிறது. அதே மேகத்திலிருந்து மழையோடு குளிர்ந்த காற்றும் கீழே இறங்கும். அந்தக் குளிர்க் காற்று டொர்னாடோவைச் சுற்றி வளைத்து, உள்ளே வரும் வெப்பக் காற்றை அடைத்துவிட்டால் டொர்னாடோ மெலிந்து கயிறாகி அறுந்துவிடும். பல நேரம் அந்த மேகமே கொஞ்சம் கிழக்கே தள்ளி இன்னொன்றைப் பெற்றெடுக்கும். தொலைவிலிருந்து பார்த்தால், அல்லது சேதத்தை மட்டும் பார்த்தால், இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

1925-ல் மணிக்கணக்கில் அந்த அடைப்பு நடக்கவே இல்லை. அன்று ஒரு வலுவான காற்றழுத்தத் தாழ்வு வடகிழக்கு நோக்கி வேகமாக நகர்ந்துகொண்டிருந்தது. தெற்கிலிருந்து வந்த வெப்பக் காற்றும் வடக்கே இருந்த குளிர்க் காற்றும் சந்திக்கும் எல்லை அதன் மையத்திலிருந்து கிழக்கே நீண்டிருந்தது. டொர்னாடோவைச் சுமந்த மேகம் அந்த மையத்துக்கு மிக அருகில், ஏறக்குறைய அதே வேகத்தில், அதே திசையில் போயிற்று. ஓடும் ரயிலோடு சேர்ந்து நடைமேடையில் ஓடுகிறவனுக்கு அதே ஜன்னல் கூடவே வருவதுபோல, அந்த மேகத்துக்குத் தேவையான சூழல் மூன்று மாநிலங்களிலும் கூடவே வந்தது. இரைக்குப் போட்டியிடும் வேறு இடிமேகம் பக்கத்தில் இல்லாததும் சேர்ந்துகொண்டது. வேகம், இடம், தனிமை மூன்றும் ஒரே மதியத்தில் பொருந்துவது எவ்வளவு அரிது என்பதற்கு நூறு வருஷமாக முறியடிக்கப்படாத அந்த 219 மைலே சாட்சி.

உண்மையிலேயே அது ஒரே டொர்னாடோதானா என்று கேட்காத வானிலை ஆய்வாளர் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான். 1917 மே மாதம் இதே இல்லினாயில் மட்டூன், சார்ல்ஸ்டன் ஊர்களை அழித்த டொர்னாடோ 293 மைல் ஓடியதாக நெடுங்காலம் எழுதி வந்தார்கள். பிறகு பார்த்தால் அது ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்த பல டொர்னாடோக்களின் வரிசை. டிரை-ஸ்டேட் கதையும் அப்படி உடைந்துவிடுமா என்று பார்க்க ஒரு குழு கிளம்பியது. பழைய வானிலைப் பதிவுகளை மறுபடி ஆராய்ந்தார்கள், பாதை நெடுக ஊர் ஊராகப் போனார்கள், சிறு வயதில் அந்தப் புயலைப் பார்த்து அப்போது முதுமையில் இருந்தவர்களிடம் பேசினார்கள், எந்த வயல், எந்த வீடு, எந்தக் கொட்டகை என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சேதக் குறிப்புகளைப் புள்ளி புள்ளியாகச் சேர்த்தார்கள். 2013-ல் முடிவுகள் வந்தன. பாதையின் தொடக்கத்தில் இடைவெளிகள் இருக்கின்றன, அங்கே ஒன்றுக்கு மேல் இருந்திருக்கலாம். ஆனால் 174 மைல் நீளத்துக்கு அது ஒரே டொர்னாடோவாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம், அதிலும் 151 மைல் துண்டைப் பற்றி ஏறக்குறைய சந்தேகமே இல்லை. மர்பிஸ்பரோவும் டி சோட்டோவும் வெஸ்ட் ஃபிராங்க்ஃபோர்ட்டும் கிரிஃபினும் பிரின்ஸ்டனும் அந்தத் துண்டுக்குள்தான் வருகின்றன. அழித்தது ஒன்றேதான்.

இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு அதன் முறை மிகவும் பிடித்தது. எண்பது வயது கடந்த ஒருவர் வயலைக் காட்டி, எங்கள் கொட்டகை இங்கே இருந்தது, கூரை அந்தப் பக்கம் போயிற்று என்று சொல்வதை வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைக்கிறார்கள். அப்படிப்பட்ட புள்ளிகள் சேர்ந்துதான் கோடாகின்றன. இன்னும் பத்து வருஷம் தாமதித்திருந்தால் கேட்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இப்போது அந்த மூன்று மணி நேரம்.

அன்று வந்த முன்னறிவிப்பில் மழையும் திசை மாறும் பலத்த காற்றும் இருந்தன. டொர்னாடோ என்ற சொல் இல்லை, இருக்கவும் முடியாது. 1880-களில் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் இருந்த ஜான் பார்க் ஃபின்லி என்பவர் டொர்னாடோக்களைத் தொகுத்து ஆராய்ந்து, 1884-லேயே சோதனை முன்னறிவிப்புகள் செய்து பார்த்தவர். அந்த முயற்சியைத் தொடராமல், சில வருஷங்களில் முன்னறிவிப்பில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே கூடாது என்று மேலிடம் தடுத்துவிட்டது. காரணம், மக்கள் பீதியடைவார்கள், புயலைவிடப் பீதி அதிக நாசம் செய்யும் என்ற எண்ணம். அந்தத் தடை 1938 வரை இருந்தது. இரண்டு தலைமுறை! அந்த அலுவலகங்களில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அன்றைய அறிவியலுக்கு எந்த ஊரில் எந்த மணிக்கு வரும் என்று சொல்லும் வலு இல்லை என்பதும் உண்மை. ஆனால் மக்களுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார்கள் என்று அவர்களுக்காக இன்னொருவர் முடிவெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பீதியில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள்? 695 பேரா?

அந்தச் சொல்லை விடுங்கள். முன்னறிவிப்பே வேண்டாம், மேற்கிலிருந்து ஒருவர் தந்தியில் தட்டியிருந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் யோசித்தேன், ஆனால் விஷயம் அவ்வளவு எளிதல்ல. தந்திக் கம்பம் இருக்கும் ஊரைத்தான் முதலில் அது பிடுங்கிப் போடுகிறது. ஊர் இடிந்த முதல் ஐந்து நிமிடத்தில் யாரும் தந்தி அலுவலகத்தைத் தேடுவதில்லை, பிள்ளையைத் தேடுகிறார்கள். அப்படியே ஒரு செய்தி கிளம்பியிருந்தாலும் அது மருத்துவர் வேண்டும், செவிலியர் வேண்டும், சவப்பெட்டி வேண்டும் என்றுதான் பெரிய நகரங்களை நோக்கிப் போயிருக்கும். அப்படிப்பட்ட செய்திகளைக் கேட்டு நிவாரண ரயில்கள் வரவும் செய்தன, செஞ்சிலுவைச் சங்கம் வந்தது. கிழக்கே இருக்கிற ஊர்களே, உங்களை நோக்கி வருகிறது என்று சொல்ல, அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு முதலில் யாருக்காவது வந்திருக்க வேண்டும். எந்த டொர்னாடோவும் அவ்வளவு நேரம் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஊரும் தனக்கு நடந்தது தன்னோடு முடிந்தது என்றே நினைத்தது. மர்பிஸ்பரோ அழிந்த பிறகு கிரிஃபினுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் இருந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்குச் சொந்தக்காரர் என்று அன்றைக்கு எந்த அலுவலகமும் இல்லை.

மாற்றம் வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. 1948 மார்ச் 20 அன்று ஓக்லஹோமாவில் டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு டொர்னாடோ தாக்கி விமானங்களை நொறுக்கியது. தளத்தின் வானிலை அதிகாரிகள் ஃபாபுஷ், மில்லர் இருவரும் பழைய பதிவுகளைக் கிளறி, எந்தச் சூழலில் இது வருகிறது என்று பார்த்தார்கள். ஐந்தே நாளில், மார்ச் 25 அன்று, அதே சூழல் மறுபடி தெரிந்தது. துணிந்து அறிவித்தார்கள். அன்று மாலையே அதே தளத்தை இன்னொரு டொர்னாடோ தாக்கியது, முன்கூட்டியே தெரிந்திருந்ததால் விமானங்களைப் பத்திரப்படுத்த முடிந்தது. 1952-ல் பொதுமக்களுக்கான அறிவிப்புகள் தொடங்கின. அதன் பிறகு ரேடார், டாப்ளர் ரேடார், இப்போது கைபேசி.

அப்படியானால் இனி நடக்காது என்று நினைத்தேனா என்றால், 2021 டிசம்பர் 10 இரவு அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

டிசம்பருக்குப் பொருந்தாத வெப்பம் அன்று. ஆர்கன்சாவில் உருவான ஒரு சூப்பர்செல் மிசௌரியின் மூலையைக் கடந்து டென்னசிக்குள் வந்தது. அதன் முதல் பெரிய டொர்னாடோ 81 மைல் ஓடிவிட்டு டென்னசியின் வடமேற்கில் ஓய்ந்தது. சிறிது இடைவெளி, பிறகு அதே மேகம் இன்னொன்றைப் பெற்றது. அது கென்டக்கி எல்லையைத் தாண்டி மேஃபீல்ட், டாசன் ஸ்பிரிங்ஸ், ப்ரெமன் என்று 165.6 மைல், ஏறக்குறைய மூன்று மணி நேரம். மறுநாள் பல ஊடகங்கள் 1925-ன் சாதனை முறிந்துவிட்டது என்றே எழுதின. தரையாய்வு முடிந்த பிறகுதான் நடுவில் இருந்த அந்தச் சிறிய இடைவெளி தெரிந்தது. டிரை-ஸ்டேட்டின் நீளம் இன்னும் முறியடிக்கப்படவில்லை. மேஃபீல்ட்காரர்களுக்கு அதில் ஒரு ஆறுதலும் இல்லை.

தரையாய்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்த எண்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். வீடு இருந்த இடத்தில் சிமென்ட் தளம் மட்டும் துடைத்துவிட்டாற்போல் கிடக்கும். ஆய்வாளர் குனிந்து விளிம்பைப் பார்ப்பார். சுவரின் அடிச்சட்டத்தைத் தளத்தோடு பிணைக்கும் இரும்பு போல்ட் இருக்கிறதா, எத்தனை அடிக்கு ஒன்று, அதில் நட்டும் வாஷரும் மாட்டியிருந்தார்களா, அல்லது வெறும் ஆணிதானா. ஆணி மட்டும் என்றால் அந்த வீடு முழுதாகப் பறந்திருந்தாலும் அதை வைத்து உச்சகட்டக் காற்று என்று சொல்ல முடியாது, குறைந்த காற்றுக்கே போயிருக்கும். புல் வேரோடு உரிந்திருக்கிறதா, மரத்தில் பட்டை இருக்கிறதா, மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்பதையும் பார்ப்பார்கள். மேஃபீல்ட் டொர்னாடோவுக்கு மணிக்கு 190 மைல் என்று முடிவானது, சேதத்தை வைத்து டொர்னாடோவின் வலுவை 0 முதல் 5 வரை வகுக்கும் அளவுகோலில் அது இ.எஃப். 4. இதற்கும் இ.எஃப். 5-க்கும் நடுவே பத்து மைல்தான், அந்த வித்தியாசம் பல வீடுகளில் ஒரு நட்டிலும் வாஷரிலும் போய் நிற்கிறது. காற்று எவ்வளவு வலுவாக இருந்தது என்று கேட்கும்போதே வீடு எவ்வளவு வலுவில்லாமல் இருந்தது என்பதும் வெளியே வந்துவிடுகிறது.

அந்த இரவு ரேடாரில் சிதிலம் 30,000 அடிக்கும் மேலே தெரிந்தது. டாசன் ஸ்பிரிங்ஸில் ஒரு வீட்டிலிருந்து பறந்த பழைய கறுப்பு வெள்ளைப் படம், பின்னால் 1942 என்று எழுதியிருந்தது, மறுநாள் காலை இண்டியானாவின் நியூ ஆல்பனியில் ஒருவருடைய காரின் கண்ணாடியில் ஒட்டிக்கிடந்தது. சுமார் 130 மைல். அவர் அதை இணையத்தில் போட, படம் உரிய குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டது.

1925-ல் இல்லாத எல்லாம் 2021-ல் இருந்தது. வானிலை மையம் அன்று காலையிலிருந்தே அந்த வட்டாரத்தைக் குறித்து எச்சரித்துக்கொண்டிருந்தது. மேஃபீல்டுக்கு மிக உயர்ந்த நிலை அவசர எச்சரிக்கை போனது, தொலைக்காட்சியில் எந்தத் தெரு, எந்த நிமிடம் என்று வாய் ஓயாமல் சொன்னார்கள். அதனால் பல உயிர்கள் பிழைத்தன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்படியும் அந்த ஒரு டொர்னாடோ 57 பேரைக் கொன்றது. மேஃபீல்டில் ஒரு மெழுகுவத்தித் தொழிற்சாலையில் நூறு பேருக்கு மேல் இரவு ஷிப்டில் இருந்தார்கள், கிறிஸ்துமஸ் நேரம், வேலை நெருக்கடி. 9 பேர் அங்கே இறந்தார்கள். அகலமான கூரையும் மெல்லிய சுவரும் கொண்ட அந்த மாதிரிக் கட்டடம் இவ்வளவு காற்றைத் தாங்காது என்பது யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமல்ல.

நேரம் கிடைத்தால் எங்கே போவது என்பதுதான் இப்போது மிச்சமிருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. நிலவறை இல்லாத வீட்டில், தரையோடு சரியாகப் பிணைக்காத நகரும் வீட்டில் இருக்கிறவரின் கைபேசி இருபது நிமிடம் முன்பே அலறினாலும், இருட்டில், மழையில், கைக்குழந்தையோடு அவர் போக ஒரு இடம் வேண்டும். குளியலறைக்குள் படுத்துக்கொள்ளுங்கள் என்பது சாதாரண டொர்னாடோவுக்குச் சரி, தளத்தையே துடைத்துப் போடும் ஒன்றுக்கு அது போதாது. அதனால் அமெரிக்காவின் அந்தப் பகுதிகளில் பொதுக் காப்பிடம் கட்டுவதைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் நான் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, அதை எப்போது திறப்பீர்கள்? அவசர எச்சரிக்கை வந்த பிறகு திறந்தால் சாவி வைத்திருப்பவர் வந்து சேருவதற்குள் முடிந்துவிடும், பல மணி நேரம் முன்பே வரும் கண்காணிப்பு அறிவிப்போடு அது திறந்திருக்க வேண்டும். இரண்டு, அப்படிப்பட்ட அறிவிப்பு வந்த இரவில் வேலையை விட்டுவிட்டு அங்கே போகிற தொழிலாளிக்கு அன்றைய கூலியும் வேலையும் பத்திரமாக இருக்குமா? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் இல்லாத திட்டத்தை நான் நம்புவதில்லை.